ஒரே தூரில் இரண்டு பூ

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பல்லக்கா பின்வாசல் கதவைத் திறந்தபோது, நான்கு வருடமாக அவள் காவல் காத்துவந்த செடி பூத்திருந்தது. பூ மட்டும் அதனுடையதாக இல்லை.

அது மஞ்சள். நல்ல மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. அலமாரியில் நெடுநாள் கிடந்த காகிதத்தின் மஞ்சள். இதழ்கள் ஒல்லியாகப் பின்னால் சுருண்டிருந்தன. அங்கே பூக்க வேண்டியதே வேறு. பழுத்த பப்பாளியில் கொஞ்சம் பால் கலந்தாற்போல் ஒரு நிறம், நடுவில் கருந்திராட்சை நிறத்தில் ஒரு வளையம், தொண்டையில் பச்சை. மூன்று கோடையாக அது அப்படித்தான் பூத்தது. பல்லக்கா குனிந்து செடியடியில் குத்தியிருந்த அலுமினியத் தகட்டைத் துடைத்துப் பார்த்தாள். ‘தையலக்கா - பெயர் வைக்கவில்லை’ என்று அவள் கையாலேயே செதுக்கியது, சரியாகத்தான் இருந்தது. பல் குடையும் ஊசியால் செதுக்கிய எழுத்து, வெயிலில் அழியாது.

பல்லக்கா என்பது அவளுக்குத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பீங்கான் பல் செய்வது அவள் வேலை. கடைவீதியில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒரே அறை, ஆறு மேஜை, மேஜைக்கு ஒரு விளக்கு, மூலையில் பல் சுடும் சின்னச் சூளை. அங்கே அவள் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளை என்று நாம் சொல்லிவிட்டுப் போகிற நிறத்தில் அவளுக்குப் பதினாறு நிறம் தெரியும். பக்கத்துப் பல்லோடு பொருந்தாத பல் என்று அவள் மேஜையிலிருந்து போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. மருத்துவர்கள் வேறு யாரிடமும் முன்பல்லைக் கொடுக்க மாட்டார்கள்.

பேச்சு குறைவு. ஊரில் பாதிப்பேரின் பல்லைத் தெரியும், முகத்தைத் தெரியாது. அதுவே அவளுக்கு வசதியாக இருந்தது.

பூ வந்தது பதினொரு வருடம் முன்பு. அவள் தினமும் ஏறும் பேருந்தின் ஓட்டுநர், கடைசி நிறுத்தத்தில் இறங்கப்போனவளைக் கூப்பிட்டு, ஈரச் செய்தித்தாளில் சுற்றிய எதையோ கையில் கொடுத்தார். டேலில்லி என்றார். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், காலையில் விரிந்து மாலையில் மூடிவிடும், ஆனால் ஒரு தண்டில் இருபது மொட்டு வரிசையில் நிற்கும் என்றார். வெயிலும் தண்ணீரும் கொடுத்தால் போதும், தொல்லை பண்ணாது. காலையில் கால்மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டுமே சொந்தமாக உள்ள ஒருத்திக்கு இதைவிடத் தோதான பூ இல்லை. நெட்டையான இலைகள் கைவிசிறி போல விரியும். அதனால் ஒவ்வொரு குருத்தையும் விசிறி என்பார்கள். அன்று வந்த இரண்டு விசிறி இன்று பின்கட்டு முழுக்க நாற்பத்தாறு தூர்.

ஓட்டுநர் மூலமாகத்தான் மற்றவர்களும் பழக்கமானார்கள். மொத்தம் ஒன்பது பேர். ஒருநாள் கூட்டம் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஞாயிறுதோறும் ஒருவர் வீட்டில் கூடுவார்கள். குளிர்காலத்தில் தூரைப் பிரித்துப் பங்கு போடுவார்கள். முதல் குருத்து வந்ததும் செடிப்பேன் பிடித்ததா என்று பேசுவார்கள். கோடையில் எவர் வீட்டில் எது முதலில் விரிந்தது என்று கைப்பேசியில் படம் போட்டு, எட்டுப் பேரும் பொறாமைப்பட்டு, பொறாமை இல்லாததுபோல் எழுதுவார்கள்.

அந்தக் கூட்டத்தில் புதுப்பூவையே உண்டாக்கியவள் ஒருத்திதான். பள்ளிச் சீருடை தைக்கும் தையலக்கா. ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொன்றின் மேல் தடவி, எதை எதோடு சேர்த்தாள் என்று மறக்காமலிருக்கக் காம்பில் கலர்நூல் கட்டி, காய்ந்த காயிலிருந்து விதையெடுத்து, ஆறு வருடத்தில் இருநூறு நாற்று வளர்த்தாள். நூற்றுத்தொண்ணூற்றொன்பதைப் பிடுங்கி எறிந்தாள். மிஞ்சிய ஒன்றின் மூன்று விசிறியை நான்கு வருடம் முன்பு பல்லக்காவிடம் கொடுத்தாள். அவளுக்கு இவளைவிடப் பத்து வயது கூட. வார்த்தையை வெட்டித்தான் பேசுவாள். “எனக்கு ஏதாவது ஆயிட்டா உன்கிட்ட இருக்கும். யாருக்கும் கொடுக்காதே. நீ வாயே திறக்க மாட்டே, அதான் உன்கிட்ட தர்றேன்” என்றாள்.

பல்லக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை கேட்டும் மென்று முழுங்கிச் சமாளித்தாள்.

இந்தக் கோடைமழையில் தையலக்காவின் செடிகள் அழுகிப்போயின. நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தால் கையோடு வந்து நாறியது. போன வாரம் போன் செய்து அதைச் சொன்னாள். குரலில் அழுகை எதுவும் இல்லை. “உன்னோடதுதான் இப்ப உலகத்துலேயே இருக்கிற ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கூட்டம் உங்க வீட்லதானே? பாதித் தூரை எடுத்துக்கறேன். அங்கேயே எல்லார் முன்னாடியும் பேர் வெச்சிடறேன்.”

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கும்போதுதான் மஞ்சள் பூத்தது.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், அதைக் கண்டுபிடித்து எண்ணெய் விட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். வெளியே வந்து, பூவைச் சுற்றி ஒரு சுற்றுச் சுற்றி, ராத்திரி குளிர்ந்திருக்கிறது, அதனால் நிறம் வெளுத்துவிட்டது என்றார். குளிரில் நிறம் மாறுவது உண்மைதான், பல்லக்காவுக்கே தெரியும். ஆனால் வளையம் எங்கே போனது? இதழ் எப்படி ஒல்லியானது? அவர், லிஃப்டில் அப்படியெல்லாம் ஆவதில்லை என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

அன்று மதியம் கூட்டத்தின் கைப்பேசிக் குழுவில் தையலக்கா கேட்டிருந்தாள், பூத்ததா என்று. பல்லக்கா ‘இன்னும் இல்லை’ என்று எழுதினாள். எழுதி அனுப்பிய பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. மேஜையில் இருந்த கடைவாய்ப்பல்லை எடுத்து, அதையே இரண்டு தடவை தேய்த்தாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் விரியவில்லை. புதன்கிழமை மறுபடி மஞ்சள். வேலையிலிருந்து நிறச்சட்டத்தைக் கைப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். பதினாறு மாதிரிப் பல் வரிசையாகக் கோர்த்த சட்டம். அதை ஒவ்வொன்றாகப் பூவின் இதழோடு வைத்துப் பார்த்தாள். பழைய பூவின் படத்தைக் கைப்பேசியில் திறந்து அதோடும் வைத்துப் பார்த்தாள். படத்தில் திரையின் வெளிச்சத்தைக் கூட்டினால் ஒரு நிறம், குறைத்தால் ஒரு நிறம். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, பூவுக்குப் பல் கட்டப்போகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அன்று மாலை அவளுக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு ஈரப்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்து இரண்டு மாதம் கட்டுப் போட்டிருந்தாள். அந்தச் சமயத்தில் யாராவது தகட்டைப் பிடுங்கி மாற்றிக் குத்தியிருந்தால்? ஆனால் அதற்கடுத்த கோடையில், அதாவது போன வருடம், சரியான பூதானே பூத்தது? பூத்ததா? பார்த்தது போன வருடமா, அதற்கு முந்தின வருடமா? படத்தில் தேதி இருந்தது. போன வருடம்தான். அப்படியானால் செடி சரி, தகடு சரி, இடம் சரி. பூ மட்டும் தப்பு.

வியாழக்கிழமை பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்து, யாருடைய செடி என்று சொல்லாமல் மஞ்சள் பூவின் படத்தைக் காட்டினாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது அவர் வாங்கிப் பார்த்தார். பார்த்த நொடியே, இது என்னுடையதுதான் அம்மா, முதன்முதலில் உங்களுக்குக் கொடுத்தேனே அதுதான் என்றார். அது ஆரஞ்சு என்றாள் இவள். இல்லை, மஞ்சள்தான், ஆரஞ்சாகப் பூத்தது உங்கள் மண்ணின் கோளாறு என்றார். பச்சை விளக்கு விழுந்தது. இறங்கும்போது அவளுக்கு மண்ணிலும் சந்தேகம், ஓட்டுநரிடமும் சந்தேகம், பதினொரு வருடம் முன்பு செய்தித்தாளில் என்ன இருந்தது என்பதிலும் சந்தேகம்.

இதையெல்லாம் ஒரு போன் போட்டுத் தையலக்காவிடம் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். பல்லக்காவுக்கும் தோன்றியது. மூன்று தடவை எண்ணை எடுத்து மூன்று தடவையும் வைத்துவிட்டாள். பூவைத் தொலைத்துவிட்டேன் என்பதைச் சொல்வது கஷ்டம்தான். ஆனால் தொலைத்தேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை என்பதை எப்படிச் சொல்வது? ஆறு வருட உழைப்பை ஒருத்தி நம்பி ஒப்படைத்திருக்கிறாள். வாய் திறக்காதவள் என்பதற்காகவே ஒப்படைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பின்வாசலைத் திறக்கவே தயங்கினாள். திறந்தாள். ஒரே தூரில், ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பூ. ஒன்று அந்த அழுக்கு மஞ்சள். இன்னொன்று பப்பாளி நிறத்தில், அகலமாக, நடுவில் கருந்திராட்சை வளையத்தோடு.

பல்லக்கா ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பூ இருக்கிறது, தொலையவில்லை. ஆனால் ஒரே செடி எப்படி இரண்டு பூவைப் பூக்கும்? வாயின் ஒரு பக்கத்தில் ஒரு நிறப் பல்லும் மறுபக்கத்தில் இன்னொரு நிறப் பல்லும் உள்ளவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கெல்லாம் ஒன்று கட்டிய பல்லாக இருக்கும்.

மாடியில் குடியிருக்கும் கணவரின் அக்கா, கையில் டீ டம்ளரோடு இறங்கி வந்தாள். பல்லக்கா அவளை அண்ணி என்று கூப்பிடுவாள். அண்ணிக்குப் பூவைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்கொள்வதில் பெருமையும் உண்டு. மண்ணில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மறுபடி விழுந்துவிட்டாயா என்று கேட்டாள். இல்லை என்றதும் பூவைப் பார்த்தாள்.

“இது அந்தக் காய்க்கிற செடிதானே” என்றாள்.

பல்லக்கா நிமிர்ந்தாள். என்ன காய் என்று கேட்டாள்.

“நீ கைக்குக் கட்டுப் போட்டுக்கிட்டு உள்ள படுத்திருந்தியே, அந்த வருஷம். வாடின பூவை எல்லாம் தினம் கிள்ளிப் போடச் சொன்னே. கிள்ளினேன். இதுல மட்டும் குட்டி குட்டியா பச்சைக்காய் வந்துச்சு. பாவம், ஆசையா காய்ச்சிருக்கு, அதைப் போய் யாராவது உடைப்பாங்களா? விட்டுட்டேன். அப்புறம் அதுவே காஞ்சு வெடிச்சுது. உள்ள கறுப்பா மிளகு மாதிரி. கொட்டிப்போச்சு.”

டேலில்லி வளர்க்கிறவர்களுக்குக் காய் என்றால் உடைக்க வேண்டியது. விதை வேண்டும் என்று நூல் கட்டினால் ஒழியக் காயை விட மாட்டார்கள். விட்டால், கொட்டிய விதை தாய்த்தூருக்குள்ளேயே முளைக்கும். நாற்றும் தாயும் ஒரே இலை, ஒரே உயரம். விதையில் வருவது தாயைப் போல இருக்காது. தேனீ எந்தப் பூவிலிருந்து தூளைக் கொண்டுவந்ததோ, அந்தக் கலப்பு. நாற்பத்தாறு தூரில் எது அப்பன் என்று யார் சொல்வது? இரண்டு வருடம் இலையாக மட்டும் நின்றவை இந்தக் கோடையில் பெரிய மனுஷர்களாகித் தண்டு விட்டிருக்கின்றன.

அண்ணியிடம் பல்லக்கா கோபப்படவில்லை. கோபப்பட வேண்டுமா என்பதிலும் குழப்பம்தான். இரண்டு மாதம் தினமும் குனிந்து நாற்பத்தாறு தூரையும் பார்த்துக்கொண்டவள். கிள்ளச் சொன்னதைக் கிள்ளினாள். காயைப் பற்றி இவள் சொல்லவே இல்லை. தோட்டக்காரிக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

“தப்பா?” என்று அண்ணி கேட்டாள்.

“தெரியலை அண்ணி” என்றாள் பல்லக்கா.

அவள் விசிறிகளை எண்ணினாள். பதினான்கு. அதில் தண்டு விட்டவை மூன்றே. இரண்டு மஞ்சள், ஒன்று தையலக்காவுடையது. மீதிப் பதினொன்றும் எதுவென்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல பூ நின்ற தண்டின் அடியை விரலால் தடவிக்கொண்டே போய், எந்த விசிறியிலிருந்து அது வருகிறது என்று மூன்று தடவை உறுதி செய்து, பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெழுகுநூலால் முடிச்சுப் போட்டாள். மாலையில் பூ மூடிவிடும். அடுத்த மொட்டைப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு முன் விரிகிற மாதிரி இல்லை.

சனிக்கிழமை முழுக்க, முடிச்சைச் சரியான விசிறியில்தான் போட்டோமா என்று நாலு தடவை போய்ப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தையலக்கா மண்தொட்டியோடு வந்தாள். மற்றவர்கள் பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். அதற்கு முன்னாலேயே பூவைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. நேராகப் பின்கட்டுக்குப் போனாள். அன்று விரிந்திருந்தது மஞ்சள் மட்டும்.

தையலக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். இது என்ன என்று கேட்கவில்லை. பல்லக்காவே வாய் திறந்தாள். திங்கட்கிழமை பூத்தது, இன்னும் இல்லை என்று எழுதியது, நிறச்சட்டம், பேருந்து, அண்ணி, காய், பதினான்கு விசிறி, மூன்று தண்டு, முடிச்சு எல்லாவற்றையும் முன்பின்னாகச் சொன்னாள். ஒரு வருடத்தில் பேசுவதைப் பத்து நிமிஷத்தில் பேசினாள். நடுவில் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் முதலிலிருந்து ஆரம்பித்தாள். தையலக்கா கேட்டது ஒன்றுதான்.

“திங்கக்கிழமையே ஏன் சொல்லலை?”

பல்லக்கா குனிந்து முடிச்சுப் போட்ட தண்டைத் தொட்டுக் காட்டினாள்.

“மண்வெட்டி எங்க?” என்றாள் தையலக்கா.

இருவருமாகத் தூரை முழுதாகத் தோண்டித் தூக்கினார்கள். அண்ணி குழாயைப் பிடித்தாள். மண் கரையக் கரைய, விரல் தடிப்பில் வெளுத்த வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தெரிந்தன. ஒரே செடியின் விசிறிகள் அடித்தண்டில் ஒட்டியிருக்கும். விதையில் வந்தது தனியாகக் கழன்று வரும். தையலக்கா பிரிந்த நூலைச் சிக்கெடுப்பது போல நிதானமாக வேரை அவிழ்த்தாள். மஞ்சள் தண்டுகள் இரண்டும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் வழுக்கிக்கொண்டு தனியே வந்தன. முடிச்சுப் போட்ட விசிறி வந்தபோது அதோடு இன்னும் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன. பல்லக்கா அடித்தண்டைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. ஒட்டியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுவதால் அப்படித் தெரிகிறதோ என்று அண்ணியிடமும் காட்டினாள். அண்ணி தனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஒட்டியிருக்கிறது என்றாள்.

ஆக மூன்று நிச்சயம், இரண்டு மஞ்சள், மீதி ஒன்பது யாரோ.

பல்லக்கா மூன்றையும் இரண்டு கையாலும் நீட்டினாள். “மூணையும் எடுத்துக்கோங்க அக்கா. எனக்குக் காப்பாத்தத் தெரியலை.”

தையலக்கா முழங்கை வரை சேறாக நின்றாள். தண்டும் மொட்டுமாக முடிச்சோடு இருந்ததை மட்டும் கத்தியால் பிரித்து எடுத்துத் தொட்டியில் வைத்தாள்.

“நான் அழுக விட்டேன். நீ கலக்க விட்டே. நம்ம ரெண்டு பேரையும் தனியா நம்ப முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் இருக்கட்டும்” என்றாள்.

பத்து மணிக்கு மற்றவர்கள் வந்தபோது பின்கட்டின் நடுவில் ஒரு குழியும், யாரோ என்று நின்றவற்றுக்கு ஒன்பது தொட்டியும், பக்கத்தில் மஞ்சள் இரண்டும் இருந்தன. ஓட்டுநர் மஞ்சளைப் பார்த்து, நான் அன்றைக்கே சொன்னேனே என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. பெயர் வைக்கும் பேச்சு எழுந்தது. பூவே கண்ணெதிரில் இல்லாமல் எதற்குப் பெயர் வைப்பது என்று தையலக்கா அடக்கிவிட்டாள். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, மொட்டில் கை படாமல், ஓட்டுநரின் இரண்டு சக்கர வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனாள்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்குப் பட்டறையில் கைப்பேசி முனகியது. படம். செய்தி ஒன்றும் இல்லை, படம் மட்டும். விளக்கடியில் பார்த்தபோது பூ ரோஜா நிறத்தில் இருந்தது. பல்லக்கா விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தாள், மஞ்சள் அடித்தது. ஜன்னலுக்குப் போனாள், வானம் மூடியிருந்தது. வளையம் இருப்பது போலவும் இருந்தது, நிழல் போலவும் இருந்தது. மாடிப்படி இறங்கித் தெருவுக்கே போய், மருந்துக்கடை வாசலில் நின்று, கையால் மறைத்துப் பார்த்தாள். ‘இதுவா?’ என்று எழுதி அழித்தாள். ‘வளையம் இருக்கா?’ என்று எழுதி அழித்தாள். இதற்குள் போனே அடித்தது.

“இதுதான்” என்றாள் தையலக்கா. “செடியைத் தோண்டி எடுத்தும் வாடாம விரிஞ்சிருக்கு. என் பூ எனக்குத் தெரியாதா?”

பல்லக்கா மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தாள். சரி அக்கா என்றாள். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடி நிற்கும் சத்தம் கேட்டது.

“உன்கிட்ட இருக்கிற ரெண்டும் எப்படி இருக்கு? இலை நிமிர்ந்திருக்கா, தொங்குதா?”

காலையில் பார்த்தாள். கொஞ்சம் தொங்கினாற்போல் இருந்தது. வாடுகிறதா, வேர் பிடிக்குமுன் அப்படித்தான் இருக்குமா என்று வெகுநேரம் நின்று பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை. நல்லா இருக்கு என்று சொல்வதுதான் சுலபம். நாக்கு நுனி வரை அதுதான் வந்தது.

“தெரியலை அக்கா” என்றாள். “கொஞ்சம் தொங்கற மாதிரிதான் இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பாருங்களேன்.”

“ஆறு மணிக்குக் கடையை மூடிட்டு வர்றேன்” என்றாள் தையலக்கா. “அதுவரைக்கும் தண்ணி ஊத்தாதே.”

ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள். அதையும் சொன்னாள்.